சாப்பிட்டியா, படிச்சியா, அப்புறம்?

பத்தாவதோ பிளஸ் டூவோ படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் ஒரு நாள் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருங்கள். எழுந்தாச்சா, சாப்பிட்டியா, டெஸ்டில் எவ்வளவு, டியூஷனுக்கு நேரமாச்சு, போனைக் கீழே வை. அக்கறைக்குக் குறைவில்லை. ஆனால் எல்லாமே 'ம்', 'ஆச்சு' என்று முடிந்துவிடுகிற கேள்விகள். அப்புறம் 'இவன் வாயைத் திறக்கவே மாட்டேங்கிறான்' என்று நாமே சலித்துக்கொள்வோம்.

'வா, உட்கார், உன்னோடு பேசணும்' என்று ஆரம்பித்தால் அது விசாரணை. இந்த வயதில் முகத்துக்கு நேராகப் பேச்சு வராது. என் அக்கா மகளை டியூஷனிலிருந்து வண்டியில் அழைத்து வருவது என் பொறுப்பு. ஒருநாள் சிக்னலில் நிற்கும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து, "சித்தி, பயோ மேத்ஸ் வேண்டாம்னு தோணுது" என்றாள். "ம்" என்றேன், அவ்வளவுதான். பெட்ரோல் போடும் சாக்கில் வண்டியைத் திருப்பினேன். பங்க் வரிசையில் மீதி வந்தது. குரூப்பில் ஒரு குறையும் இல்லையாம். வகுப்பில் சந்தேகம் கேட்டால் பின் வரிசை சிரிக்கிறது, அதனால் கேட்பதையே விட்டுவிட்டாள். 'சரி, காமர்ஸுக்கு மாறிக்கோ' என்று சிக்னலிலேயே தீர்ப்புச் சொல்லியிருந்தால் இது வெளியே வந்திருக்காது. (எழுதலாமா என்று அவளிடம் கேட்டாச்சு. பேர் போடக் கூடாது என்பது நிபந்தனை.)

பிள்ளையோடு பேச நேரமில்லை என்று நாம் சொல்வது பாதி உண்மைதான். மீதி, நம் வாய். பிள்ளை ராத்திரி சொன்னது விடிவதற்குள் பெரியம்மா வரை போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து, "என்னடா, ஏதோ கேள்விப்பட்டேன்" என்பார். அத்தோடு கடையைச் சாத்திவிடுவான்.

பள்ளிக்கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098, ஒன்றிய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவையின் 14416 எல்லாம் தேவையான உதவி எண்கள். பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் முகம் தெரியாதவரிடம் எளிதாகச் சொல்ல முடிகிறது என்றால், அவர் அதை அத்தையிடம் போய்ச் சொல்ல மாட்டார் என்பதும் ஒரு காரணம். 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழில் ஒருவருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அத்தனை பேரும் போன் செய்யப்போவதில்லை. சித்தி, மாமா, டியூஷன் அக்கா என்று ஓரடி தள்ளி இருப்பவர்களுக்கு இங்கே பெரிய வேலை இருக்கிறது. ஃபீஸ் கட்டுவதும் மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போடுவதும் நாம் இல்லை என்பதால் நம்மிடம் பயம் குறைவு.

ரகசியம் காக்க முடியாத இடங்களும் உண்டு. உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்று பிள்ளை சொன்னாலோ, யாராவது தவறாக நடந்துகொண்டார்கள் என்றாலோ மூடி வைக்கக் கூடாது. 18 வயதுக்கு உட்பட்டவர் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். அப்போதும் முதலில் பிள்ளையிடமே சொல்லிவிடுங்கள்: "இதை நான் அம்மாவிடம் சொல்லியாகணும். நீயும் கூட இரு."