பிரேசில் சும்மா பேருக்கு போர்ல சேரல

கட்டுரைல ரெண்டாம் உலகப்போர் நாடுகள் லிஸ்ட்ல பிரேசில ஒரே வரில “பேருக்குப் போர் அறிவிச்ச நாடு”ன்னு எழுதிட்டீங்க, அது தப்புங்க. 1942 ஆகஸ்ட்ல யு-507ங்கிற ஒரே ஜெர்மன் நீர்மூழ்கி சில நாள்லயே வரிசையா பிரேசில் கப்பல்கள மூழ்கடிச்சு சுமார் 600 பேர் செத்தாங்க, ஜனங்க கொதிச்சுப்போய் தெருவுக்கு வந்தப்புறம்தான் அதிபர் வர்காஸோட அரசு போர் அறிவிச்சுது. “பாம்பு பைப் புடிச்சாலும் புடிக்கும், பிரேசில் சண்டைக்குப் போகாது”ன்னு கிண்டலா பேசுனாங்க, ஆனா கடைசில பைப் புடிக்கிற பாம்பையே தோள்பட்டை பேட்ஜா குத்திக்கிட்டு சுமார் 25,000 பேர் இத்தாலிக்குப் போனாங்க. பனியவே பார்க்காத பசங்க, கால் விறைக்காம இருக்க ஷூவுக்குள்ள வைக்கோலும் பழைய பேப்பரும் திணிச்சுக்கிட்டு மலைல கெடந்தாங்க. ஜெர்மானியர் கைல இருந்த மோன்தே காஸ்தெல்லோங்கிற மலையப் புடிக்கப் போயி திரும்பத் திரும்ப அடிவாங்கி, 1945 பிப்ரவரி 21லதான் புடிச்சாங்க. ஏப்ரல் கடைசில இத்தாலிலயே ஃபோர்னோவோங்கிற ஊர் பக்கம் ஜெர்மானியரோட 148வது டிவிஷன் (படைப்பிரிவு) இவங்ககிட்டதான் சரணடைஞ்சுது.

எனக்கு ரொம்ப வலிக்கிறது ரப்பர் சிப்பாய்ங்க கதைதான். மலாயா ஜப்பான் கைக்குப் போனதும் (நம்ம ஆளுங்க பால்வெட்டுன அதே தோட்டங்கதான்) அமெரிக்காவுக்கு ரப்பர் இல்ல, அதனால வறட்சில வாடுன, பிரேசிலோட வடகிழக்கு மாநிலமான சியாரா பக்கத்து ஏழைங்கள 50,000 பேருக்கு மேல ரப்பர் பால் எடுக்க அமேசான் காட்டுக்கு அனுப்புனாங்க, அவங்களத்தான் ரப்பர் சிப்பாய்ங்கன்னு சொன்னாங்க. மலேரியாவுல செத்தவங்க ஆயிரக்கணக்குல, போர்முனைல செத்தத விட அதிகம். மிச்சமிருந்தவங்களுக்கு பென்ஷன் உரிமை வந்தது 1988 அரசியல் சட்டத்துலதான். தயவுசெஞ்சு அந்த வரிய மாத்துங்க.