முதலில் காதைத் திறவுங்கள் ஐயா!

நேற்று இரவு ஒன்றரை மணி. வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். நான் மட்டும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு 14,195 கிலோஹெர்ட்ஸில் தவம் கிடக்கிறேன். மொட்டை மாடியில் நானே கட்டிய கம்பி ஆன்டெனா. கையில் இருப்பது வெறும் 50 வாட். ஆள் குடியிருக்காத ஏதோ ஒரு தீவில் கூடாரம் அடித்து உட்கார்ந்திருக்கும் ஹாம் ஆபரேட்டர் (பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர்) ஒருவரோடு ஒரு முறையாவது பேசிவிடத்தான் இந்தத் தவம். அவர் நிதானமாகச் சொல்கிறார்: "ஐந்து முதல் பத்து மேலே கேட்கிறேன்." அவர் பேசுவது 14,195இல், சுருக்கமாக 195; நம்மைக் கேட்பது ஐந்து முதல் பத்து கிலோஹெர்ட்ஸ் தள்ளி, 200க்கும் 205க்கும் இடையில். இதுதான் ஸ்பிளிட். ரேடியோவில் ஒரு பொத்தானைத் தட்டினால் முடிகிற வேலை.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, 195இலேயே ஒருவர் வந்து விழுந்தார். வானொலியில் தனக்குப் பெயர் போலிருக்கும் அழைப்புக்குறியை நான்கு முறை முழங்கினார். தீவுக்காரர் யாருக்குப் பதில் சொன்னார் என்பது யாருக்கும் கேட்கவில்லை. உடனே கிளம்பினார்கள் நாட்டாமைகள். "அப்! அப்! ஸ்பிளிட்!" என்று அதே 195இல் ஒரே கூச்சல். ஒருவர் செய்த தவறைத் திருத்த ஏழு பேர் அதே தவறைச் செய்கிறார்கள். இது போதாதென்று இன்னொரு புண்ணியவான் அங்கேயே தன் ரேடியோவை டியூன் செய்ய ஆரம்பித்தார். 'பீ...' என்று ஒரு விசில். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், முழுதாக இருபது வினாடி!

இரண்டு மணி வாக்கில்தான் வயிறு எரிந்தது. "விக்டர் யூனிஃபார்ம் மூன்று, கடைசி எழுத்து எக்ஸ்ரே, மீண்டும் சொல்லுங்கள்" என்றார் தீவுக்காரர். விக்டர் என்றால் வி, யூனிஃபார்ம் என்றால் யூ, எக்ஸ்ரே என்றால் எக்ஸ். வி.யூ.3இல் தொடங்கி எக்ஸில் முடிவது என் அழைப்புக்குறி. நான்தான்! இத்தனை இரைச்சலிலும் என் 50 வாட்டின் ஒரு நுனி அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. கை நடுங்க மைக்கை அழுத்தி, அழைப்புக்குறியை ஒரே ஒரு முறை முழுதாகச் சொல்லிவிட்டு விட்டேன். காதில் விழுந்தது என்ன? எட்டுப் பத்துப் பேர் ஒன்றாகக் கத்துகிற சத்தம். ஒருவர் அழைப்புக்குறியிலும் எக்ஸ் இல்லை, வி இல்லை, 3 கூட இல்லை. "எக்ஸ்ரே மட்டும்" என்று மூன்று முறை கெஞ்சினார் மனிதர். பிறகு அவரும் களைத்துப்போய் அடுத்தவரிடம் போய்விட்டார். கல்யாணப் பந்தியில் பெயர் சொல்லி ஒருவரைக் கூப்பிட்டால் மண்டபமே எழுந்து ஓடிவருமா?

குரல் வழித் தொடர்பில் எல்லாம் ஒழுங்காக நடந்தாலே நிமிடத்துக்கு மூன்று பேரை லாக்கில், அதாவது பேசியவர்களின் பதிவேட்டில், ஏற்றினால் பெரிய காரியம். என் ஒருவனுக்காக அவர் செலவழித்த நேரத்தில் நாலு பேர் ஏறியிருக்கலாம். நாலு பேரும் போச்சு, நானும் போச்சு.

அந்த ஆபரேட்டர்கள் எப்படி அங்கே போய்ச் சேர்கிறார்கள் என்று இவர்களுக்குத் தெரியாதா என்ன? தென் அட்லாண்டிக்கில் நார்வேக்குச் சொந்தமான பூவே தீவு இருக்கிறது. பெரும்பகுதி பனிப்பாறை. 2023 பிப்ரவரியில் ஒரு குழு அங்கே இறங்கியது. படகு கரையேற வழியில்லை. உடல் முழுக்கப் பாதுகாப்பு உடை அணிந்து, குளிர்ந்த அலையில் நீந்திக் கரை சேர்ந்தார்கள். அப்படிப் போனவர்களின் அலைவரிசையிலும் வேண்டுமென்றே இரைச்சல் போட்ட மகானுபாவர்கள் உண்டு. அவரவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு!

ஒரே பேண்டில் (அலைவரிசைப் பட்டையில்), ஒரே முறையில் (குரல், மோர்ஸ் என்பது போல), ஏற்கெனவே லாக்கில் ஏறியவர் "எதற்கும் இருக்கட்டும்" என்று மறுபடி கூப்பிடுவது இன்னொரு கொடுமை. பந்தியில் சாப்பிட்டு எழுந்தவர் கை கழுவிவிட்டுத் திரும்ப வந்து இலை போடச் சொல்வது போல. இவர்களில் பலர் கிலோவாட் ஆம்ப்ளிஃபயர்க்காரர்கள் என்பதுதான் வேடிக்கை. வாய் எட்டு ஊர் கேட்கும், காது பக்கத்து அறை கேட்காது.

2004 டிசம்பரில் ஹாம் ஆபரேட்டர் பாரதி பிரசாத் அம்மையாரின் குழு அந்தமானில் இருந்து வி.யூ.4.ஆர்.பி.ஐ என்ற அழைப்புக்குறியில் பேசிக்கொண்டிருந்தது. அந்தமான் அப்போது உலக ஹாம்கள் பல ஆண்டுகளாக ஏங்கிக் கிடந்த இடம். 26ஆம் தேதி சுனாமி வந்தது. அதுவரை ஆயிரக்கணக்கானோர் மோதிக்கொண்ட அதே நிலையம், தீவுகளில் இருந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்ற செய்தியைக் கரைக்குக் கடத்தும் கம்பியில்லாத் தந்தியாகிவிட்டது. "காத்திருங்கள்" என்றால் காத்திருக்கத் தெரியாத நேற்றைய கூட்டம் அன்று அங்கே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

இன்றிரவும் அந்தத் தீவுக்காரர் வருவார். நானும் அதே நாற்காலியில் இருப்பேன். 195இல் விசிலடித்த அந்தப் புண்ணியவானுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: யார் காதிலும் விசிலடிக்காமல் ரேடியோவை டியூன் செய்ய டம்மி லோடு என்று ஒரு பொருள் விற்கிறார்கள். காசில்லை என்றால் சொல்லுங்கள், என் செலவில் அனுப்பிவைக்கிறேன்.