சமையல் எண்ணெய் வரி யார் தலையில் விழுந்தது?
இறக்குமதி வரியின் சுமையை, எண்ணெயை ஏற்றுமதி செய்யும் நாடே ஏற்றுக்கொள்ளும், நம் ஊர் விலை ஏறாது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 2024 செப்டம்பரில் கச்சா (சுத்திகரிக்காத) பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கான மொத்த வரி 5.5 சதவீதத்திலிருந்து ஒரேயடியாக 27.5 ஆனது. நமக்குத் தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. அப்படியிருக்க, இந்தோனேசியாவும் மலேசியாவும் நமக்காக விலையைக் குறைக்குமா என்ன? பழைய வரியில் வந்த சரக்கு தீரும்வரை விலையை ஏற்றாதீர்கள் என்று மத்திய அரசே நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. விலை ஏறாது என்றால் அப்படிக் கேட்க வேண்டிய அவசியமே இல்லையே! ஆனாலும் தீபாவளிக்கு முன்பே எங்கள் தெரு மளிகைக் கடையில் சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட் விலை எகிறிவிட்டது. முனையில் பஜ்ஜி போடும் அக்கா விலையை ஏற்றவில்லை, பஜ்ஜி சின்னதாகிவிட்டது. ரேஷனில் பாமாயில் அதே 25 ரூபாய்தானே என்று கட்டுரையின் கீழே கருத்துப் பகுதியில் ஒருவர் கேட்டிருக்கிறார். சரி, மீதியை அரசு நம் வரிப்பணத்திலிருந்துதானே கொடுக்கிறது? விவசாயிக்காகத்தான் இந்த வரி என்றார்கள். அவருக்காவது கிடைத்திருந்தால் மனம் ஆறியிருக்கும். அந்தப் பருவத்தில் சோயாவுக்கு அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,892 ரூபாய். மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிர மண்டிகளில் வரி ஏறிய பிறகும் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் விற்றது. 2025 மே கடைசியில் கச்சா சமையல் எண்ணெய் வரியை 16.5 சதவீதமாகக் குறைத்தார்கள். ஏறியபோது இருந்த வேகம் இறங்கும்போது எங்கள் கடையில் இல்லை.