சீர் கொடுத்தாச்சு, அப்புறம் பங்கு எதுக்கு?

பெண்ணுக்குச் சீர் வைப்பதில் எங்கள் செட்டிநாட்டை யாரும் குறை சொல்ல முடியாது. வெள்ளி, பித்தளை, எவர்சில்வர், ஓலைக் கொட்டான் என்று வீட்டு உள்முற்றமான வளவு நிறையப் பரப்பி வைப்பார்கள், ஊரே வந்து பார்த்துவிட்டுப் போகும். பிறகு அப்பா காலமாகி வீட்டுப் பத்திரம் வெளியே வரும்போது, அந்தச் சாமான்களையே சாட்சிக்கு இழுப்பார்கள். "அதான் எல்லாம் செஞ்சாச்சே!"

சீர் வேறு, பங்கு வேறு. அப்பா சொந்தமாகச் சம்பாதித்ததை உயில் எழுதாமல் போய்விட்டால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே உரிமை என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டத்தைத் திருத்தியது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன்பே கல்யாணம் ஆனவர்களை விட்டுவிட்டது. 2005-ல் வந்த மத்தியத் திருத்தத்தில் அந்தத் தடை இல்லை. அந்தத் திருத்தம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பாகம் பிரித்திருந்தாலோ விற்றிருந்தாலோ அதைக் கிளற முடியாது.

சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. நம் வீடுகள்தான் வரவில்லை. பத்திர ஆபீஸ் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். தம்பி காரில் அக்காவை அழைத்து வருவார். பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிய விடுதலைப் பத்திரத்தை எழுத்தர் நீட்டுவார். "ஒண்ணுமில்ல ஆச்சி, சும்மா ஒரு கையெழுத்து." உள்ளே போட்டோ, கைரேகை. "சம்மதம்தானே?" என்ற கேள்விக்கு அவர் தலையாட்டுவதற்குள் தம்பி "ஆமா சார்" என்று முந்திக்கொள்வார். வெளியே வந்ததும் ஓட்டலில் டிபன், கையில் ஒரு பட்டுப்புடவை. எத்தனை சென்ட், என்ன மதிப்பு என்று அந்த அக்காவைக் கேட்டால் தெரியாது.

"வீட்டைக் கட்டிக் காப்பாத்துறது நாங்கதானே?" என்பார்கள். நியாயம்தான், இந்த வீடுகளுக்கு ஓடு மாற்றுவதே பெரிய செலவு. அதைப் பங்கில் கணக்குப் பார்த்துக் கழித்துக்கொள்ளலாமே, பங்கே இல்லை என்பானேன்? ஆண்கள் பர்மா, மலாயா என்று போய் உட்கார்ந்திருந்த காலத்தில் இந்த வீடுகளைக் கட்டி ஆண்டது பெண்கள்தான். அப்போது யாரும் "இது ஆம்பளை சொத்து" என்று சாவியைத் திரும்பக் கேட்கவில்லை.

பெரிய வீட்டுக் கதை மட்டுமில்லை இது. கண்மாய்ப் பாசனத்தை நம்பி நாற்று நட்டுக் களை எடுக்கிற பெண்ணுக்கும் இதே கதைதான். வேலை முழுக்க அவருடையது, பட்டா வீட்டுக்காரர் பெயரில். பயிர்க்கடன் என்று போனால் பட்டா யார் பெயரில் என்றுதான் கேட்பார்கள். மகளிர் குழுவில் வாரம் தவறாமல் தவணை கட்டுகிறவருக்கு ஒரு கூட்டுப் பட்டாகூட இல்லை. மார்ச் 8-ம் தேதி கோலப்போட்டி வைத்துக் குக்கர் பரிசு கொடுப்பதோடு நம் பெண்ணுரிமை முடிந்துவிடுகிறது. (குக்கரையும் சீரில் சேர்த்துவிடுவார்கள்.)

உங்கள் வீட்டில் அப்படி ஒரு பத்திரம் வரப்போகிறதா? வரைவை ஒரு வாரம் முன்னாலேயே அக்கா தங்கைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். சொத்தின் மதிப்பும் அவர் பங்கும் அதில் தெளிவாக இருக்கட்டும். அவர் தனக்குத் தெரிந்த வக்கீலிடம் காட்டட்டும். அதற்குப் பிறகும் மனசார விட்டுக்கொடுத்தால் அது அவர் இஷ்டம். கேட்டார் என்றால், கொடுத்துவிடுங்கள்.