தம்பியின் கள்ளு வண்டியில் ஒலிக்கும் குரல்கள்

என் தம்பி நாள்தோறும் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் வண்டி ஓட்டுகிறான். சித்தூர்ப் பகுதித் தோப்புகளில் (ஆந்திரத்துச் சித்தூர் அல்ல, பாலக்காட்டுச் சித்தூர்) இறக்கும் கள்ளைக் கேன்களில் ஏற்றிச் சென்று, திருச்சூர்ப் பக்கத்துக் கள்ளுக்கடைகளில் இறக்கிவிட்டுத் திரும்புவது அவன் வேலை. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை உள்ளதால், பொள்ளாச்சிப் பக்கத்து உறவினர்கள் இதைக் கேட்டதும் ஒரு மாதிரி சிரிப்பார்கள். நாங்கள் இருக்கும் கேரளத்தில் அது பெர்மிட் எடுத்துப் பட்டப்பகலில் நடக்கும் தொழில். முன்பெல்லாம் வண்டியில் பாட்டு ஓடும். இரண்டு ஆண்டுகளாக ஓடுவது பாட்காஸ்ட்.

அவனோடு படித்த நண்பன்மீது, மணமான ஓராண்டில், மனைவி வரதட்சணைக் கொடுமைப் புகார் கொடுத்தார். அந்த வழக்கைப் பற்றித் தேடப்போய்த்தான் தம்பி 'ஆண்களுக்காகப் பேசும்' யூடியூப் சேனல்களுக்குள் நுழைந்தான். சில மாதங்களில் வீட்டில் அவன் பேச்சே மாறியது. சம்பாதிக்கிற பெண் அடங்கமாட்டாள் என்று, பொள்ளாச்சியில் கணக்கு எழுதிச் சம்பாதித்துவரும் என் முன்னாலேயே, அம்மா பரிமாறிய சோற்றைப் பிசைந்துகொண்டு சொன்னான். அம்மா கடலைக்காட்டில் கூலிக்குப் போய் எங்கள் இருவரையும் படிக்கவைத்தவர். அவர் ஒன்றும் சொல்லாமல் ரசத்தை ஊற்றினார். நான்தான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

பிறகு நான் செய்தவை எல்லாம் தவறு என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பெண்ணுரிமை பற்றிய கட்டுரைகளையும் காணொளிகளையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிக் குவித்தேன். ஒன்றையும் அவன் திறக்கவில்லை. ஒருநாள் அவன் குளிக்கப் போயிருந்த நேரத்தில் கைப்பேசியை எடுத்து, அந்தச் சேனல்களை இனிப் பரிந்துரைக்க வேண்டாம் என்று ஒவ்வொன்றாக அழுத்திவைத்தேன். யூடியூபில் மக்கள் செலவிடும் நேரத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் பரிந்துரைகளால்தான் வருகிறது என்று அந்த நிறுவனத்தின் அதிகாரி நீல் மோகன் 2018-இல் சொன்னதைப் படித்திருந்தேன். பரிந்துரையை அடைத்துவிட்டால் தம்பி திருந்திவிடுவான் என்பது என் கணக்கு. அவன் மறுநாளே கண்டுபிடித்துவிட்டான். மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. 'பெண்கள் உன்னை உளவு பார்ப்பார்கள்' என்று யாரோ ஒருவன் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததற்கு நானே சாட்சியாகிவிட்டேன்.

ஒருமுறை அலுவலக வேலையாகத் திருச்சூர் போக வேண்டியிருந்தது. பேருந்துக்கு நிற்காமல் அவன் வண்டியிலேயே ஏறிக்கொண்டேன். வழியிலுள்ள குதிரான் சுரங்கப்பாதையைத் தாண்டும்வரை ஒரு வார்த்தையும் பேசாமல் அவன் கேட்பதையே நானும் கேட்டுக்கொண்டு வந்தேன். எனக்கு வியப்பாக இருந்தது. ஏறத்தாழ முக்கால் மணி நேரம் அந்தக் குரல் சொன்னவற்றில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை: அதிகாலையில் எழு, குடியை விடு, கந்துவட்டிக்குக் கடன் வாங்காதே, உடம்பைப் பேணு, உன் உழைப்பை யாரும் மதிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான், அந்த மதிப்பைத் திருடியவள் பெண் என்ற பேச்சு, மோரில் தண்ணீர் கலப்பதுபோலத் தெரியாமல் கலந்தது. 'நீ படும் பாடு எனக்குத் தெரியும்' என்று இருபத்தாறு வயதுவரை அவனிடம் ஒருவரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

முற்போக்கு ஊடகம் என்று நாம் கொண்டாடும் நிகழ்ச்சிகள்மீது எனக்கு மனக்குறை உண்டு. அவற்றில் பல, கேட்பவன் ஏற்கெனவே தேர்வில் தோற்றுவிட்டான் என்ற தொனியிலேயே தொடங்குகின்றன. பேசுவோர் நால்வரும் ஒரே கருத்துடையவர்கள். ஒருவர் சொல்வதற்கு மற்ற மூவரும் சிரிக்கிறார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து கேன் தூக்கும் ஒருவனை அந்தச் சிரிப்புக்குள் சேர்த்துக்கொள்ள அவர்களுக்குத் தோன்றுவதில்லை. இதைச் சொன்னால் என் தோழிகள் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

திரும்பி வரும்போது, 'மனைவி புகார் கொடுத்தால் போதும், விசாரணையே இல்லாமல் அன்றிரவே கைது' என்று அந்தக் குரல் சொன்னது. அது உண்மையா என்று பார்ப்போமா என்று மட்டும் கேட்டேன். வாணியம்பாறை அருகே தேநீர்க்கடையில் வண்டியை நிறுத்தி இருவரும் தேடினோம். அர்னேஷ் குமார் வழக்கில் 2014 ஜூலை 2 அன்று உச்ச நீதிமன்றம், மனைவியைக் கணவனும் அவன் உறவினரும் கொடுமைப்படுத்துவதைத் தண்டிக்கும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவில் தானாகவே கைது செய்யக் கூடாது, கைதுக்கான தேவையைக் காவலர் எழுத்தில் காட்ட வேண்டும் என்று ஆணையிட்டிருக்கிறது. (அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தக் குற்றம் 85-ஆம் பிரிவில் உள்ளது.) அதே தீர்ப்பு, மனம் கசந்த மனைவியர் சிலர் இச்சட்டத்தைக் கேடயமாக அல்லாமல் ஆயுதமாகப் பயன்படுத்துவதாகவும் கூறுகிறது. அந்த வரியையும் நானே அவனுக்கு வாசித்துக் காட்டினேன். அதை மறைத்திருந்தால் அன்றோடு எல்லாம் முடிந்திருக்கும். பிறகு 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வைக் காட்டினேன்: மணமான பெண்களில் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 38 பேர், கேரளத்தில் 10 பேர். எங்கள் வீட்டிலிருந்து தமிழ்நாட்டு எல்லையிலுள்ள கோபாலபுரம் சோதனைச்சாவடி கண்ணுக்கெட்டும் தூரம். அதைத் தாண்டினால் கணக்கு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. "இங்கே வாயைத் திறந்து சொல்லாமல் இருப்பார்களோ என்னவோ" என்றான் தம்பி. நல்ல கேள்வி. அவன் காதில் ஒலிக்கும் குரல் எதுவும் அவனை அப்படிக் கேட்கவைத்ததில்லை.

அதன்பின் நான் அனுப்புவதைக் குறைத்துக்கொண்டேன். மாதத்துக்கு ஒன்று, அதுவும் நான் முழுதாகக் கேட்டது. அவன் அனுப்புவதையும் முழுதாகக் கேட்டேன். உடற்பயிற்சி பற்றிய ஒன்று உண்மையிலேயே பயன்பட்டது, என் முதுகுவலி குறைந்திருக்கிறது. மலையாளம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு என்பதால் மலையாள நிகழ்ச்சிகளையும் தேடினேன். மலையாளத் திரையுலகில் பெண்கள் படும் பாட்டை விசாரித்த ஹேமா கமிட்டியின் அறிக்கை 2024 ஆகஸ்ட் 19 அன்று வெளிவந்தபோது, அவன் கேட்கும் சேனல்களில் நடிகைகளைக் கேலி செய்து சிரித்தார்கள். நீதிபதி ஹேமாவோடு நம் நடிகை 'ஊர்வசி' சாரதாவும் ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி வல்சலகுமாரியும் அமர்ந்து விசாரித்து, 2019 டிசம்பரில் கொடுத்த அறிக்கையை நாலரை ஆண்டுகளுக்கு மேல் பெட்டியில் பூட்டிவைத்திருந்தார்கள் என்பதை அந்தச் சிரிப்பில் யாரும் சொல்லவில்லை. நான் அவனுக்கு அனுப்பியது, படப்பிடிப்பிடங்களில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிக்காமலேயே நாளை ஓட்டுவதைப் பற்றிய ஒரு சிறு உரையாடல் மட்டும். இரவு வீட்டுக்கு வந்தவன் அம்மாவிடம், கடலைக்காட்டில் நாள் முழுக்க நின்றபோது என்ன செய்வாய் என்று கேட்டான். "பொழுது சாயற வரைக்கும் பொறுத்துக்குவோம், கண்ணு" என்றார் அம்மா. எனக்கே அதுவரை தெரியாது.

அவன் முழுதாக மாறிவிட்டான் என்று எழுத மாட்டேன். பழைய குரல்களில் ஒன்றை இன்றும் கேட்கிறான்; கேட்காதே என்று நான் சொல்வதில்லை. பார்த்த வரலாற்றை அழித்து, தானாக அடுத்தது ஓடுவதை நிறுத்தியது அவனேதான், சென்ற தைப்பொங்கலுக்கு முந்தைய வாரம். மூளைச்சலவை செய்கிறாயா என்று எங்கள் மாமா என்னைக் கேட்டார். இரண்டு ஆண்டுகளாக நடந்ததற்கு அவர் வைத்திருந்த பெயர் என்ன என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான்.

சென்ற மாதம் மலையாள நிகழ்ச்சி ஒன்றில் கள்ளுத் தொழிலாளர் நலநிதி பற்றிக் கேட்டிருக்கிறான். கேரளத்தில் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த நிதி அது. பணக்காரன் ஆவது எப்படி என்று இரண்டு ஆண்டுகள் அவனுக்குப் பாடம் எடுத்த குரல்களில் ஒன்றுகூட, உன் முதலாளி உன் பெயரில் நிதி கட்டுகிறாரா என்று கேட்டதில்லை. "ஓட்டுநருக்கும் உண்டாக்கா?" என்று குரல்பதிவில் கேட்டிருந்தான். ஏற்றிச் செல்பவரும் அதில் சேர்வார்கள் என்றுதான் நினைக்கிறேன், நேரில் போய்க் கேட்டுவிடலாம் என்றேன். வெள்ளிக்கிழமை எனக்கு விடுப்பு; வண்டியிலேயே போகிறோம்.