தாத்தா திருப்பித் தராத புத்தகம்

"புத்தகம் திருடுவது திருட்டே இல்லை" என்று பெருமையடிக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பர்மாவில், யாங்கோனில் தமிழ் படிக்கிறவன் வாயில் அப்படி ஒரு வார்த்தை வராது. இங்கே ஒரு தமிழ்ப் புத்தகம் போனால் போனதுதான். சென்னை போய் வருகிற யாராவது மனசு வைத்துப் பெட்டியில் இடம் ஒதுக்கினால் அடுத்தது வரும்.

ஆகவே புத்தகத்திலேயே திருடனுக்குச் சாபம் எழுதிவைக்கிறவர்கள் பக்கம்தான் நான்.

தாத்தா அலமாரியில் பழைய தோத்திரப் பாடல் புத்தகம் ஒன்று இருக்கிறது. முதல் பக்கத்தில் நீல மையில்: "இரவல் வாங்கித் திருப்பித் தராதவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான்." கோயில் கல்வெட்டுகளில், தானத்துக்குக் கேடு செய்பவனுக்கென்று கடைசியில் வெட்டிவைக்கிற அதே வரி. என்ன சிக்கல் என்றால், அந்தக் கையெழுத்து தாத்தாவுடையது இல்லை.

சாபத்தில் எத்தனை ரகம்! 2600 வருஷங்களுக்கு முன்னால் நினிவேயில் அசீரிய மன்னன் அசூர்பனிபால், தன் நூலகத்துக் களிமண் பலகையை எடுத்துப்போகிறவனின் பெயரும் வம்சமும் அழியட்டும் என்றான். ஜெர்மனியில் ஆர்ன்ஸ்டைன் மடத்துத் துறவிகள் 1172 வாக்கில் எழுதிய பைபிளில், திருடுகிறவன் சாகட்டும், வாணலியில் வேகட்டும், காக்காய் வலிப்பு வரட்டும், காய்ச்சல் வரட்டும், சக்கரத்தில் முறிபட்டுத் தூக்கில் தொங்கட்டும், ஆமென். (செத்தவனுக்கு எதற்கு அப்புறம் காய்ச்சல்?)

எனக்கு இவற்றைவிட உறைப்பது நம் பழைய தலைநகரமான பாகானில் இருக்கிறது. புத்தகச் சாபம் இல்லை, கல்வெட்டு. 1113-ஐ ஒட்டி ராஜகுமாரன் என்கிற இளவரசன், பியூ, மோன், பாலி, பர்மியம் என்று நான்கு மொழிகளில் வெட்டிய மியாசேதி கல். தான் புத்தருக்குத் தானமாக விட்ட அடிமைகளைத் துன்புறுத்துகிறவன் தன் மகனானாலும் பேரனானாலும், இனி வரப்போகும் மைத்ரேய புத்தரைக் காணாமல் போகட்டும் என்கிறான். வாணலியும் இல்லை, தூக்குக்கயிறும் இல்லை. நம்புகிறவனுக்கு அது போதும்.

சரி, தாத்தா கதைக்கு வருகிறேன். புத்தகம் பக்கத்து வீட்டுக்காரருடையது. 1964-ல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு அவர் குடும்பத்தோடு கப்பலேறிவிட்டார். "கொடுக்கத்தான் போனேன், வீடு பூட்டிக் கிடந்தது" என்பது தாத்தா கட்சி. கப்பல் புறப்படுகிற தேதி தாத்தாவுக்கு நன்றாகவே தெரியும் என்பது பாட்டி கட்சி.

நீல மைக்குக் கீழே கறுப்பு மையில் தாத்தா தன் பெயரை எழுதி, ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "மேற்படி சாபம் இன்று முதல் எனக்கு அடுத்தவர்களுக்கு."