ரன்னர் பீன்ஸ் விதை பற்றி ஒரு திருத்தம்

"பீன்ஸ் எல்லாம் தன்மகரந்தச் சேர்க்கைதான், ரன்னர் பீன்ஸில் எத்தனை ரகம் பக்கத்தில் பக்கத்தில் போட்டாலும் விதை மாறாது" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். சாதாரண பிரெஞ்சு பீன்ஸுக்கு அது பெரும்பாலும் சரி. உயரமாகக் கொடி ஓடும் ரன்னர் பீன்ஸ் வேறு இனம். தேனீயோ வண்டுத்தேனீயோ வந்து பூவை அழுத்தினால்தான் நன்றாகக் காய் பிடிக்கும், அதனால் ரகங்கள் சுலபமாகக் கலந்துவிடும்.

இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. வெள்ளைப் பூ ரகத்தின் விதை, பக்கத்துச் சிவப்புப் பூ ரகத்தோடு கலந்திருந்தாலும் அந்த வருடம் வெள்ளையாகவேதான் இருக்கும், ஏனென்றால் விதைத்தோல் தாய்ச்செடியுடையது. அடுத்த வருடம் சிவப்பாகப் பூக்கும்போதுதான் தெரியும்! விதை எடுப்பதென்றால் ஒரே ரகத்தை மட்டும் போடுங்கள். தேனீ வரத்து குறைவா? பிரெஞ்சு பீன்ஸோடு கலந்து உருவாக்கிய மூன்லைட், ஃபயர்ஸ்டார்ம் ரகங்கள் தாமாகவே காய்க்கும். வெயில் கடுமையானால் பூ உதிர்வது தனிக் கதை.